தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்தும் எழுத்துத் தேர்வில் தவறுவது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன். வயது 29. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் வேலை பார்க்கிறார். நான்கு வயதில் ஒரு மகன். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியை இரண்டு முறை எழுதிவிட்டார். சென்ற மாதம் வந்த இரண்டாவது ரிசல்ட்டில் கேட்டலிலும் வாசித்தலிலும் பி கிரேடு. பேச்சில் சி பிளஸ், எழுத்தில் சி.

"உங்க வொக்காபுலரி பத்தாது, அட்வான்ஸ்டு வார்த்தையா போடுங்க" என்று கோச்சிங் சென்டரில் சொல்லி, ஆயிரம் சொற்கள் கொண்ட ஒரு பிடிஎஃப் கொடுத்திருக்கிறார்கள். அதில் தினம் பத்துச் சொல் எடுத்து, பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமும் எழுதுகிறார். இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் ஒரு வாரம் கழித்துப் புரட்டினால் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. நினைவில் இருப்பதைத் தேர்வில் போட்டாலும் மதிப்பெண் வரவில்லை. அவர் கேட்பது நான்கு: எனக்கு ஞாபகசக்தி குறைவா? தமிழ் மீடியம் படித்ததால் இவ்வளவுதானா? பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு மாறிவிடலாமா? தேர்வே எழுதாமல் சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டலாம் என்கிறார் கணவர், அது சரியா? நோட்டின் சில பக்கங்களையும், பயிற்சிக்காக எழுதிய ஒரு கடிதத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி கேட்பது, கேட்டல், வாசித்தல், பேச்சு மூன்றிலும் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ். எழுத்துக்கு பி தேவையில்லை, 300 மதிப்பெண் வந்தால் போதும். இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டவும் அனுமதி உண்டு. இரண்டும் 12 மாத இடைவெளிக்குள் இருக்க வேண்டும், இரண்டிலும் நான்கு பகுதிகளையும் எழுதியிருக்க வேண்டும். எழுத்து எந்த முறையும் சி கிரேடுக்குக் கீழே போகக் கூடாது, மற்ற மூன்றும் சி பிளஸுக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் இரண்டாவது ரிசல்ட் இந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை எழுத்தில் சி பிளஸும் பேச்சில் பியும் வாங்கி, கேட்டலிலும் வாசித்தலிலும் சி பிளஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. அன்றைக்குக் கேட்டல் பகுதி கொஞ்சம் சறுக்கினாலும் மோசம் போய்விடாது. விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அதனால் பணம் கட்டும் முன்பு என்எம்சி இணையதளத்தில் ஒருமுறை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மலை மாதிரி தெரிந்த வேலை இப்போது இரண்டு படியாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டு படிக்கும் உங்கள் ஆயிரம் வார்த்தைப் பட்டியல் உதவாது. உதவாதது மட்டுமல்ல, எழுத்தில் உங்கள் மதிப்பெண்ணைக் குறைத்ததே அதுதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று உங்கள் நோட்டை வைத்தே சொல்கிறேன்.

ஞாபகசக்தியில் குறை இல்லை

ஐசியூவில் ஆறு நோயாளிகளின் மருந்து, அளவு, நேரம், அலர்ஜி எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட் மாற்றிக்கொடுப்பவர் நீங்கள். ஞாபகசக்தி இல்லாதவரால் அது முடியாது. ஒருமுறை எழுதிவிட்டு மூடி வைத்த சொல் ஒரு வாரத்தில் மறந்துபோவது மனித மூளைக்கு இயல்பு. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகக் கரைகிறது என்பது அவர் கண்டது. உங்கள் நோட்டிலிருக்கும் சொற்கள் உங்களுக்குக் கிட்டத்தட்ட அந்த அசைகள் மாதிரிதான். வார்டில் அவற்றை யாரும் சொல்வதில்லை, நீங்கள் வாசிக்கும் எதிலும் அவை வருவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்தத் தெம்பு ஏமாற்றிவிடும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, வாசிப்பதை விட்டுவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே நோட்டைத் திறந்து வாசிப்பதைக் குறைத்து, மூடி வைத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பதைக் கூட்டுங்கள். யோசிக்கும்போது வராமல் திணறுகிறோமே, அந்தத் திணறலில்தான் சொல் பதிகிறது.

தமிழ் மீடியம் பற்றிய பயத்துக்கு உங்கள் ரிசல்ட்டே பதில். ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் உச்சரிப்பில் வரும் பேச்சைக் கேட்டு பி வாங்கியிருக்கிறீர்கள். மருத்துவக் கட்டுரைகளை வாசித்து பி வாங்கியிருக்கிறீர்கள். பெரிய ஆங்கிலச் சொற்களின் வேர்களில் பல, இலக்கியம் படித்தவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டிஸ்ப்னியாவிலும் (மூச்சுவிடச் சிரமம்) டிஸ்ஃபேஜியாவிலும் (விழுங்கச் சிரமம்) வரும் 'டிஸ்' என்ன, ஹைப்பர், ஹைப்போ வித்தியாசம் என்ன என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். அதே 'டிஸ்'தான் டிஸ்ஃபங்ஷனிலும் வருகிறது. கிரானிக் தெரிந்தவருக்கு கிரானாலஜி அந்நியம் இல்லை, ஆம்புலேட் தெரிந்தவருக்கு ஆம்புலன்ஸ் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். பள்ளியில் எந்த வழியில் படித்தோம் என்பது இங்கே உங்களைத் தடுக்கவில்லை.

அந்தப் பட்டியல் யாருக்கானது?

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இருக்கும் சொற்களைப் பார்த்தேன்: லாக்ரிமோஸ், கேருலஸ், பெனெவொலன்ட், அமீலியரேட், செப்டுவாஜினேரியன். இவை அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்ஈ போன்ற தேர்வுகளுக்காகத் தொகுக்கப்படும் ரகம். அங்கே கடினமான சொல்லின் பொருள் தெரியுமா என்பதே கேள்வி. ஓஇடி எழுத்துத் தேர்வில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை அடுத்துப் பார்க்கப்போகும் நர்ஸுக்கோ டாக்டருக்கோ கடிதம் எழுதச் சொல்கிறார்கள். வாசிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம், 180 முதல் 200 சொற்கள். திருத்துபவர் பார்ப்பது ஆறு விஷயங்கள்: எதற்காக எழுதுகிறோம் என்பது உடனே தெரிகிறதா, தேவையான விவரம் இருக்கிறதா, சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, தொழில்முறைக் கடிதத்துக்கு ஏற்ற நடையா, ஒழுங்காக வரிசைப்படுத்தியிருக்கிறதா, மொழி சரியாக இருக்கிறதா. எவ்வளவு அரிய சொல் என்பதற்கு இந்த ஆறில் இடமே இல்லை.

உங்கள் பயிற்சிக் கடிதத்தின் முதல் வரி இது: "மிஸ்டர் தாமஸ் இஸ் எ கேருலஸ் செப்டுவாஜினேரியன் ஹூ வாஸ் அஃப்ளிக்டட் வித் அன் எக்ஸ்குரூஷியேட்டிங் மேலடி ஆஃப் த லெஃப்ட் நீ." இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. உங்களால் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் வாசிக்கும் நர்ஸின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேருலஸ் என்றால் வளவளவென்று தேவையில்லாமல் பேசுகிறவர். நோயாளியைக் குறை சொல்கிற சொல் அது, அவருடைய ரெக்கார்டில் இருக்கவே கூடாது. செப்டுவாஜினேரியன் என்பதைவிட 72 வயது என்பது துல்லியம். மேலடி பழங்கதைகளில் வரும் சொல். முழங்காலில் என்ன நோய், என்ன ஆபரேஷன், இப்போது நடக்கிறாரா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற எதுவுமே அந்த வரியில் இல்லை.

நீங்கள் அனுப்பிய அதே குறிப்பிலிருந்து இப்படி எழுதலாம்: "மிஸ்டர் தாமஸ், எ 72-இயர்-ஓல்ட் ரிட்டயர்டு பஸ் டிரைவர், அண்டர்வென்ட் எ லெஃப்ட் டோட்டல் நீ ரிப்ளேஸ்மென்ட். ஹி இஸ் நவ் மொபிலைஸிங் வித் எ வாக்கிங் ஃபிரேம் அண்ட் இஸ் டியூ ஃபார் டிஸ்சார்ஜ் டுமாரோ." இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றாவது இருக்கிறதா? ஆனால் 'அண்டர்வென்ட்' ஆபரேஷனோடு வந்து உட்கார்ந்த விதமும், 'மொபிலைஸிங் வித்', 'டியூ ஃபார் டிஸ்சார்ஜ்' என்ற சேர்க்கைகளும் உங்கள் இரண்டு நோட்டிலும் இல்லை. ஓஇடியைப் பொறுத்தவரை அட்வான்ஸ்டு வொக்காபுலரி என்றால் இவைதான்.

சொல்லுக்குத் துணை எது என்று பாருங்கள்

தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, மின்னல் வெட்டுகிறது என்போம். 'மின்னல் பெய்தது' என்று ஒருவர் எழுதினால் நமக்கு உடனே உறுத்தும். யாரும் நமக்கு இதற்கு விதி சொல்லித்தரவில்லை, சேர்ந்தே கேட்டுப் பழகினோம். ஆங்கிலத்திலும் ஒவ்வொரு சொல்லும் சில சொற்களோடுதான் சேரும். தமிழ் அர்த்தத்தை மட்டும் எழுதி வைக்கும் நோட்டு இதைக் காட்டிக்கொடுக்காது.

உங்கள் நோட்டில் ஒரே பக்கத்தில் நான்கு சொற்கள் இருக்கின்றன: ரிலீவ், அல்லீவியேட், மிட்டிகேட், அமீலியரேட். நான்குக்கும் எதிரே ஏறத்தாழ ஒரே அர்த்தம்: தணித்தல், குறைத்தல், மேம்படுத்தல். மிட்டிகேட்டுக்கு நீங்கள் எழுதிய வாக்கியம் "த நர்ஸ் மிட்டிகேட்டட் த வூண்ட்". அர்த்தத்தை வைத்துப் பார்த்தால் உங்கள்மேல் தப்பில்லை, ஆனால் ஆங்கிலத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை. வலி என்றால் ரிலீவ், அது வார்டில் தினமும் புழங்கும் சொல்: "பெயின் வாஸ் ரிலீவ்டு வித் பாராசிட்டமால்". அல்லீவியேட் கொஞ்சம் முறையான சொல், வலியோடும் பதற்றத்தோடும் அறிகுறிகளோடும் சேரும். மிட்டிகேட் பெரும்பாலும் ஆபத்தோடும் பாதிப்போடும் சேரும்: "டு மிட்டிகேட் த ரிஸ்க் ஆஃப் ஃபால்ஸ்". புண்ணோடு சேராது. அமீலியரேட் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பார்க்கலாம், கடிதத்தில் அது இல்லாமல் தாராளமாகப் பிழைக்கலாம். நான்கு சொல்லில் ஒன்று தினமும் வேண்டும், இரண்டு சில சமயம் வேண்டும், ஒன்று வேண்டவே வேண்டாம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதுதான் படிப்பு.

நீங்கள் எழுதும் பயிற்சி வாக்கியங்களிலும் ஒரு குறை இருக்கிறது. "ராஜா இஸ் எ பெனெவொலன்ட் கிங்", "மை நெய்பர் இஸ் கேருலஸ்" என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இதில் பெனெவொலன்ட்டை எடுத்துவிட்டு க்ரூயல், டால், ரிச் என்று எதைப் போட்டாலும் வாக்கியம் நிற்கும். சொல்லை மாற்றினாலும் ஆடாத வாக்கியம் அந்தச் சொல்லைப் பற்றி மூளைக்கு எதையும் சொல்வதில்லை. இப்போது இதைப் பாருங்கள்: "ஹி வாஸ் ரிலக்டன்ட் டு யூஸ் த ஃபிரேம் பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங் அகெய்ன்." இதில் ரிலக்டன்ட்டை உருவிவிட்டால் வேறு எதுவும் அவ்வளவு சரியாகப் பொருந்தாது. பயந்துபோய்த் தயங்கும் ஒரு மனிதர் கண்முன் வந்துவிடுகிறார். வாக்கியம் எழுதி முடித்ததும் புதுச்சொல்லைக் கையால் மறைத்துப் பாருங்கள். முன்பின் சொற்களை வைத்தே அது என்ன என்று ஊகிக்க முடிந்தால் நல்ல வாக்கியம்.

நோட்டை இப்படி மாற்றுங்கள்

தினம் பத்துச் சொல் வேண்டாம். நைட் டூட்டியும் குழந்தையும் வைத்துக்கொண்டு வாரத்துக்குப் பத்து என்றால்கூட நிறைய. சொல்லைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், நீங்கள் வாசித்த ஒரு பக்கத்திலிருந்து எடுங்கள். ஓஇடி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகள் முதல் இடம். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் தன் இணையதளத்தில் ஒவ்வொரு நோய்க்கும் நோயாளிகளுக்காக எழுதி வைத்திருக்கும் பக்கங்கள் இரண்டாவது. நீரிழிவு, முழங்கால் மாற்று, மாரடைப்பு என்று உங்களுக்குத் தெரிந்த விஷயமாகவே வாசியுங்கள். விஷயம் தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் மொழியில் இருக்கும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு வரி எழுதுங்கள். முதலில் அது வந்த வாக்கியம் அப்படியே. அடுத்து அதோடு சேரும் இரண்டு மூன்று சொற்கள், பின்னால் வரும் ஆன், வித், ஃபார், ஆஃப் போன்ற இணைப்புச் சொல் உட்பட. 'கமென்ஸ்டு ஆன்', 'அட்மிட்டட் வித்', 'அலர்ஜிக் டு', 'மானிட்டர் ஃபார்' என்று ஒரே மூச்சில் வர வேண்டும். மூன்றாவது, உங்கள் வார்டில் உண்மையாக நடந்த ஒன்றை வைத்து நீங்களே எழுதும் வாக்கியம், நோயாளியின் பெயர் இல்லாமல். நான்காவது வரியில் நீங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஏதாவது இருந்தால். தமிழ் அர்த்தத்தையும் எழுதிக்கொள்ளலாம், அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அர்த்தம் கடைசியில் வரட்டும். சேர்க்கைகளைக் கண்டுபிடிக்க, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் அகராதிகளைப் பயன்படுத்துங்கள். மூன்றும் இணையத்தில் இலவசம். ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆப் இந்த வேலைக்குப் போதாது.

நினைவில் நிறுத்த, அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளி விட்டு உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். அங்கி என்ற ஆப் இந்த இடைவெளிகளைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் இலவசம். அதில் கார்டு போடும்போது முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் அர்த்தமும் என்று போடாதீர்கள். முன்பக்கம் சொல் விடுபட்ட வாக்கியம், பின்பக்கம் அந்தச் சொல். தேர்வில் உங்களுக்குத் தேவை சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்வது அல்ல, இல்லாத சொல்லை வரவழைப்பது. ஆப் பிடிக்கவில்லை என்றால் பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் எழுதி யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாலும் அதே பலன்தான்.

பேச்சுத் தேர்வு வேறு கதை

எழுத்தில் கனமான சொல் வேண்டாம் என்றால், பேச்சில் அது இன்னும் ஆபத்து. ஓஇடி பேச்சுத் தேர்வில் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். உச்சரிப்பு, சரளம், இலக்கணம் எல்லாம் உண்டு, கூடவே நோயாளிக்குப் புரியும் மொழியில் பேசுகிறீர்களா, அவர் கவலையைக் கேட்டுக்கொள்கிறீர்களா என்பதற்கும் மதிப்பெண் இருக்கிறது. "யூ ஹேவ் ஹைப்பர்டென்ஷன்" என்பதைவிட "யுவர் பிளட் பிரஷர் இஸ் எ பிட் ஹை" நல்ல பதில். என்எச்எஸ் தன் எழுத்தாளர்களுக்கு வைத்திருக்கும் நடை விதிகளிலேயே சிறுநீருக்கும் மலத்துக்கும் முறையே பீ, பூ என்ற குழந்தைத்தனமான ஆங்கிலச் சொற்களைத்தான் போடச் சொல்கிறது, எல்லோருக்கும் புரியும் என்பதால்.

நோயாளி பேசும் ஆங்கிலத்துக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பிரிட்டிஷ் பாட்டி ஒருவர் "ஐ ஃபீல் பூர்லி" என்றால் உடம்புக்கு முடியவில்லை என்கிறார். "ஐம் ஆஃப் மை ஃபுட்" என்றால் சாப்பாடு பிடிக்கவில்லை. "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்றால் மரத்துப்போய் ஊசி குத்துவது. "டிரபிள் வித் மை வாட்டர்வொர்க்ஸ்" என்றால் சிறுநீர் கழிப்பதில் சிரமம். உங்கள் ஆயிரம் சொல் பட்டியலில் இவை எதுவும் இருக்காது, அங்கே முதல் ஷிஃப்ட்டிலேயே காதில் விழும்.

நம் ஊர் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தையும் கொஞ்சம் சலித்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோருக்கும் புரிகிறது என்பதால் நாம் கவனிப்பதில்லை. "ஹி இஸ் ஹேவிங் சுகர்" என்றால் அங்கே காபியில் சர்க்கரை போட்டுக்கொள்கிறார் என்று நினைப்பார்கள், "ஹி ஹேஸ் டயாபடீஸ்" என்று சொல்லிப் பழகுங்கள். "பேஷன்ட் எக்ஸ்பயர்டு" வேண்டாம், "டைடு" அல்லது "பாஸ்டு அவே". உடன் இருப்பவரை அட்டெண்டர் என்பது நம் வழக்கம், அங்கே ரெலடிவ் அல்லது கேரர். 'மோஷன் போனாரா' என்று கேட்கும் இடத்தில் "ஹேவ் யூ ஓப்பன்டு யுவர் பவல்ஸ்?" மாத்திரையை 'ஈட்' செய்வதில்லை, 'டேக்' செய்வார்கள். டிஸ்கஸுக்குப் பின்னால் அபவுட் வராது. இந்த ஒரு பத்தியில் உள்ளதைச் சரிசெய்தாலே பேச்சில் சி பிளஸிலிருந்து பி நோக்கி நகர்ந்துவிடுவீர்கள் என்பது செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறவள் என்ற முறையில் என் எண்ணம்.

கூட வேலை செய்பவர்கள் சிரிப்பதாக எழுதியிருந்தீர்கள். கண்ணீர் மல்கும் என்று பொருள்படும் லாக்ரிமோஸ் என்ற சொல்லை ஹேண்டோவரில் சொன்னபோது சிரித்தார்கள், இல்லையா? அவர்களில் வெளிநாட்டுத் தேர்வுக்குத் தயாராகும் ஒருவராவது இருப்பார். அவரோடு ஜோடி சேர்ந்து, டூட்டி முடிந்ததும் பத்து நிமிடம் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் நர்ஸாகவும் பேசிப் பாருங்கள். போனில் ரெக்கார்டு செய்து மறுநாள் கேளுங்கள். எந்தக் கோச்சிங் வகுப்பையும்விட இது அதிகம் தரும்.

ஐஇஎல்டிஎஸ்ஸுக்கு மாறலாமா?

மாற வேண்டாம் என்பது என் கருத்து. என்எம்சி அதையும் ஏற்கிறது, அகாடமிக் வகையில் மூன்று பகுதிகளில் 7, எழுத்தில் 6.5 கேட்கிறது. ஆனால் அங்கே வரைபடத்தை விவரித்து ஒரு பகுதி, சமூகம், கல்வி, சுற்றுச்சூழல் என்று ஏதாவது ஒரு தலைப்பில் குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரை. உங்கள் தொழில் அறிவு அங்கே உதவாது. எழுத்து மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு என்பது உண்மைதான், அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆசை வந்திருக்கும். அந்தச் சொல்வளத்தை அளக்கும்போதும் சொற்கள் சரியாகச் சேர்கின்றனவா, நடைக்குப் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். ஒருவேளை பின்னால் மாற நேர்ந்தால், நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலிலிருந்து தொடங்குங்கள். பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் துறை வேறுபாடின்றி அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. இப்போதைக்கு அது உங்களுக்குத் தேவையில்லை. அதைவிட, ஓஇடியில் கையிலிருக்கும் இரண்டு பி கிரேடுகளை விட்டுவிட்டுப் போவது நஷ்டம்.

ஏஜென்ட் விஷயம்

இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், உங்கள் கணவரும் வாசிக்கட்டும். தேர்வு எழுதாமல் ஓஇடி சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது மோசடி. ரிசல்ட்டைப் பதிவு அமைப்புகள் காகிதத்தைப் பார்த்து நம்புவதில்லை, ஓஇடியிடமே நேரடியாக இணையத்தில் சரிபார்க்கின்றன. போலி என்று தெரிந்தால் பணம் மட்டும் போகாது, பிரிட்டனில் பதிவு கிடைக்கும் வாய்ப்பே போய்விடும். போலி ஆவணம் கொடுப்பது இங்கேயும் குற்றம். ஏதோ ஒரு வழியில் தப்பிப் போனாலும், அங்கே ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வில் முழுக்க ஆங்கிலத்தில் நோயாளியோடு பேசி, எழுதிக் காட்ட வேண்டும். ஏஜென்ட் அங்கே வந்து நிற்க மாட்டார்.

வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்ட் வேண்டும் என்றால், 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது, அங்கும் பதிவு செய்துவைக்கலாம். பிரிட்டனின் வெளிநாட்டு ஆளெடுப்பு நெறிமுறைகள் வேலை தேடும் செவிலியரிடம் ஏஜென்ட் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழிக்காதீர்கள். பணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள், தரவில்லை என்றால் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம்.

கோச்சிங் சென்டரை உடனே விட வேண்டியதில்லை. உங்கள் சி கிரேடு கடிதத்தைப் போன்ற ஒன்றை அவர்களிடம் கொடுத்து, அந்த ஆறு அளவுகோல்களில் ஒவ்வொன்றுக்கும் என்ன மதிப்பெண் போடுவீர்கள், ஏன் என்று கேளுங்கள். அளவுகோல்களை வைத்துத் திருத்தித் தருகிறார்கள் என்றால் தொடருங்கள். மறுபடியும் பெரிய வார்த்தை போடச் சொன்னால் அந்தக் கட்டணத்தை அடுத்த தேர்வுக்கு மிச்சம் பிடியுங்கள்.

தேதி குறிக்கும் முன்பு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாதக் கெடு இருப்பதால் அவசரம் இல்லை, தள்ளிப்போடவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு கடிதம், கடிகாரம் வைத்து 45 நிமிடத்தில். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இதை வாசிக்கும் நர்ஸ் நாளைக் காலை நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இது உதவுகிறதா என்று கேட்டு, உதவாததை அடித்துவிடுங்கள். அடித்ததுபோக மிஞ்சிய இரண்டு கடிதங்களைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.